மகனின் கணினியும் உம்மாவின் காப்பும்

2025 ஜூலை மாதம். மாம்புரியில் சிறுசேமிப்புக் குழுவின் கூட்டம் முடிந்து பெண்கள் எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒரு ராத்தா மட்டும் போகவில்லை. பாயைச் சுருட்டி வைத்தார். தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார். என்னிடம் ஏதோ கேட்க வேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறார் என்பது விளங்கியது. கடைசியில் கைப்பையிலிருந்து மடித்து வைத்த கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மிஸ், இதில என்ன எழுதியிருக்கெண்டு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எனக்கு விலை மட்டுந்தான் விளங்குது."

அது அவரது மகனின் கையெழுத்து. வயது பத்தொன்பது, உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை. தாளின் மேலே 'கேமிங் கணினி' என்று இருந்தது. கீழே புரொசெசர், மதர்போர்ட், ரேம், கிராபிக்ஸ் கார்ட் என்று வரிசையாகச் சாமான்களும் ஒவ்வொன்றின் விலையும். அடியில் கூட்டுத்தொகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய்.

ராத்தாவிடம் இருந்தது 2 இலட்சத்து 40 ஆயிரம். ஏழு வருடங்களாகத் தைத்துச் சேர்த்த காசு. மீதி 70 ஆயிரத்துக்குக் கையிலுள்ள இரண்டு காப்புகளில் ஒன்றை அடகு வைக்கலாம் என்று முடிவு செய்திருந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பதினொரு வயது. மன்னார் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அவரது உம்மாவின் நகைகள் அந்தப் பயணத்தோடு போய்விட்டன. இந்தக் காப்புகள் இரண்டும் பின்னாளில் அவர் தன் உழைப்பில் செய்தவை.

"வாப்பா இல்லாத பிள்ளை மிஸ். ஆசைப்பட்டுக் கேட்டதில்ல. இத ஒண்டுதான் கேட்டான்" என்றார்.

தாளை மீண்டும் பார்த்தேன். புரொசெசர் என்ற வரி மட்டும் இரண்டு முறை வெட்டி எழுதப்பட்டிருந்தது. முதலில் 'இன்டெல்', அதை வெட்டி 'ஏஎம்டி', அதையும் வெட்டி மறுபடி 'இன்டெல்'. விசாரித்தபோது விடயம் தெரிந்தது. மகன் இன்டெல் பக்கம். அவனது சாச்சியின் மகன் ஏஎம்டி பக்கம். எது சிறந்தது என்ற விவாதம் முற்றி, ஒன்றாக வளர்ந்த இருவரும் மூன்று நாட்களாகக் கதைப்பதில்லை.

சகோதரிகளே, இந்தத் தாள் அந்த ராத்தாவுக்கு மட்டும் வருவதல்ல. பிள்ளைகள் வளர்ந்த எத்தனையோ வீடுகளில் இன்று இப்படியொரு பட்டியல் தாயின் கைக்கு வருகிறது. காசு எங்களுடையது. ஆனால் பெயர்கள் விளங்காததால் முடிவு எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் இந்த விடயத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் ஒருமுறை நடந்தது

நான் படித்தது சமூகவியல். கணினியில் அறிக்கை தட்டச்சு செய்வேன், அவ்வளவுதான். 2024 இல் வீட்டுப் பாவனைக்குப் பழைய கணினி ஒன்று வாங்கப் போனேன். "ஐ5 மிஸ், நல்ல சாமான்" என்றார் கடைக்காரர். ஐ3 ஐ விட ஐ5 மேல் என்று எங்கோ கேட்ட ஞாபகம். தலையாட்டிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் விண்டோஸ் 11 போட முயன்றபோது அது ஏற்கவில்லை. பிறகு ஒரு தெரிந்தவரிடம் காட்டியபோதுதான் உள்ளே இருப்பது 'ஐ5 2400' என்பது தெரிந்தது. அது 2011 இல் சந்தைக்கு வந்த புரொசெசர். கடைக்காரர் சொன்னது பொய்யல்ல, அதுவும் ஐ5 தான். ஆனால் பதின்மூன்று வயதான ஐ5.

ஐ3, ஐ5, ஐ7 என்பதும், ஏஎம்டியின் ரைசன் 3, ரைசன் 5, ரைசன் 7 என்பதும் தரத்தை மட்டுமே சொல்லும், வயதைச் சொல்லாது. வயது அதன் பின்னால் வரும் இலக்கத்தில் இருக்கிறது. 'ஐ5 2400' இல் முதல் இலக்கமான 2, இரண்டாம் தலைமுறை என்பதைக் காட்டும். 'ஐ5 12400' என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022 இல் வந்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் அல்லது அவற்றுக்குப் பின்வந்தவையும் வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. ஆகவே பழைய கணினி வாங்குகிறவர்கள் 'ஐ5 ஆ?' என்று கேட்டால் போதாது. 'ஐ5 இல் முழு இலக்கம் என்ன?' என்று கேட்க வேண்டும்.

இந்த அனுபவம் இருந்ததால் ராத்தாவின் தாளை நான் 'பிள்ளைகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று திருப்பிக் கொடுக்கவில்லை. கணினி கற்பிக்கும் ஒருவரிடம் நாங்கள் இருவருமாகப் போனோம். கீழே இருப்பவை அவரிடம் கேட்டும் பின்னர் வாசித்தும் நான் விளங்கிக்கொண்டவை.

தையல் அறையும் புரொசெசரும்

புரொசெசர் என்பது கணினியின் எல்லாக் கணக்குகளையும் செய்யும் சிறு சதுரத் தகடு. அதை விளங்க ராத்தாவின் தொழிலே உதவியது.

ஒரு தையல் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை பேர் தைக்கிறார்கள் என்பதைப் போன்றது 'கோர்' எண்ணிக்கை. ஒவ்வொருவரின் கை எவ்வளவு வேகம் என்பதைப் போன்றது 'ஜிகாஹேர்ட்ஸ்' எண். ஆனால் வேகம் மட்டும் போதாது. ஒரே நேரத்தில் ஒருவர் கை ஓட்டத்தில் எவ்வளவு துணி முடிக்கிறார் என்ற திறமையும் இருக்கிறது. அது தலைமுறைக்குத் தலைமுறை கூடிவந்திருக்கிறது. பழைய புரொசெசரும் புதிய புரொசெசரும் ஒரே ஜிகாஹேர்ட்ஸ் காட்டினாலும் புதியது கூடுதல் வேலை செய்வது இதனால்தான்.

'கேஷ்' என்று ஒன்று எழுதியிருப்பார்கள். அது தையற்காரியின் கைக்கெட்டும் தூரத்திலுள்ள நூல் பெட்டி. நூல் அதில் இருந்தால் எழும்பத் தேவையில்லை. இல்லாவிட்டால் அலுமாரிக்குப் போய்வர வேண்டும். அந்த அலுமாரிதான் ரேம். கேம்களுக்கு இந்த நூல் பெட்டி பெரிதாக இருப்பது உதவும். ஏஎம்டி 2022 முதல் 'எக்ஸ்3டி' என்ற பெயரில் மிகப் பெரிய கேஷ் கொண்ட புரொசெசர்களை விற்பது இதற்காகத்தான். அவை விலை கூடியவை.

இதைக் கேட்டதும் ராத்தாவே சொன்னார்: "ஒரு சட்டைய பதினாறு பேர் சேர்ந்து தைக்க ஏலாது. ஆளக் கூட்டினா சும்மா உக்காந்திருப்பாங்க."

அதுதான் உண்மை. இன்றைய பெரும்பாலான கேம்களுக்கு ஆறு கோர் கொண்ட நல்ல புரொசெசர் போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு, நடுத்தரப் பட்ஜெட்டில் திரையில் பெரிதாகத் தெரியாது. வருமானத்துக்காக வீடியோ எடிட்டிங் போன்ற வேலை செய்பவர்களுக்குத்தான் எட்டு, பன்னிரண்டு கோர்கள் பயன்படும்.

திரையில் படத்தை வரைந்து காட்டுவது புரொசெசர் அல்ல, கிராபிக்ஸ் கார்ட். தைத்த சட்டைக்கு எம்பிராய்டரி போடும் தனி மெஷினைப் போன்றது அது. கேமின் படம் தெளிவாகவும் தடங்காமலும் ஓடுவது பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே நடுத்தர கேமிங் கணினிக்குப் புரொசெசருக்குக் கொடுப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது நல்லது.

மகனின் பட்டியலில் இது தலைகீழாக இருந்தது. புரொசெசருக்கும் மதர்போர்டுக்கும் காசு போய்க் கிராபிக்ஸ் கார்ட் சிறியதாகிவிட்டது. ஏன் அப்படி ஆனது? காரணம் சண்டைதான். மகன் 'ஐ5 13600கே' என்று எழுத, சாச்சி மகன் 'ரைசன் 7 7700எக்ஸ்' என்று எழுதினான். ஒருவரை ஒருவர் வெல்ல வேண்டும் என்பதற்காக இருவரும் தேவைக்கு மேல் ஏறிப் போனார்கள். அந்த இரண்டின் பெட்டியிலும் குளிர்விக்கும் விசிறி வராது, அதற்குத் தனிக் காசு. 'கே' வகையின் முழுப் பயனையும் பெற விலை கூடிய மதர்போர்டும் வேண்டும். இரண்டு பிள்ளைகளின் வாக்குவாதத்தின் விலைதான் உம்மாவின் ஒரு காப்பாகக் கணக்கில் நின்றது.

நீலமும் சிவப்பும்

இன்டெலின் நிறம் நீலம், ஏஎம்டியின் நிறம் சிவப்பு என்று பிள்ளைகள் அணி பிரிகிறார்கள். இந்த இரண்டு கம்பனிகளின் கதையைக் கொஞ்சம் அறிந்தால் அந்த அணி எவ்வளவு அர்த்தமற்றது என்பது விளங்கும்.

இரண்டும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை. அமெரிக்காவில் ஃபெயார்சைல்ட் என்ற கம்பனியை விட்டு விலகிய ரொபர்ட் நொய்ஸ், கோர்டன் மூர் ஆகிய இருவரும் 1968 இல் இன்டெலைத் தொடங்கினார்கள். அதே கம்பனியிலிருந்து வந்த ஜெரி சாண்டர்ஸ் தன் தோழர்களுடன் 1969 இல் ஏஎம்டியைத் தொடங்கினார். 1981 இல் ஐபிஎம் தனது கணினியை இன்டெலின் புரொசெசருடன் வெளியிட்டது. ஒரே கம்பனியை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. அதனால் 1982 இல் இன்டெலின் வடிவமைப்பையே ஏஎம்டியும் தயாரிக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. பிறகு வழக்குகள் வந்தன. 2009 இல் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டொலர் கொடுத்து வழக்குகளைச் சமாதானமாக முடித்தது.

வழக்காடிய காலத்திலும் ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் பாவித்தே வந்தார்கள். இன்று எங்கள் கணினிகள் பாவிக்கும் 64 பிட் முறையை 2003 இல் கொண்டுவந்தது ஏஎம்டி. அடுத்த வருடமே இன்டெலும் அதை ஏற்றுக்கொண்டது. 2024 ஒக்டோபரில் இரண்டு கம்பனிகளும் தங்கள் பொதுவான தொழில்நுட்பத்தைப் பாதுகாக்க ஒரு கூட்டு ஆலோசனைக் குழுவையே அமைத்தன. கம்பனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து கதைக்கின்றன. எங்கள் பிள்ளைகள்தான் அவர்களுக்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த அணியும் எப்போதும் முன்னால் நின்றதில்லை. 2006 இல் இன்டெல் 'கோர் 2' வரிசையோடு முந்தியது. ஏஎம்டி பல வருடங்கள் பின்தங்கி, அதன் பங்கு இரண்டு மூன்று டொலருக்கு இறங்கியது. 2014 ஒக்டோபரில் லிசா சூ என்ற பெண் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தாய்வானில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, மின் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரது தலைமையில் 2017 இல் ரைசன் வந்தது. ஏஎம்டி மீண்டும் எழுந்தது.

இருவருக்கும் தவறுகளும் நடந்திருக்கின்றன. 2023 இல் சில மதர்போர்டுகளில் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசெசர்கள் அதிக மின்னழுத்தத்தால் கருகின. 2024 இல் இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரொசெசர்கள் பலவற்றில் கேம்கள் இடையில் நின்றுபோகும் கோளாறு வெளிவந்தது. அதுவும் மின்னழுத்தம் சம்பந்தப்பட்டதுதான். இன்டெல் 2024 ஓகஸ்டில் திருத்தத்தை வெளியிட்டு, வாரண்டியை மேலும் இரண்டு வருடம் நீடித்தது. அந்தத் தலைமுறைகளை வாங்குகிறவர்கள் மதர்போர்டின் 'பயோஸ்' புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்பது அவசியம். மகன் எழுதிய 13600கே அந்தப் பட்டியலில் இருந்த ஒன்று.

இதையெல்லாம் கேட்ட பிறகு மகன் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப ரெண்டும் ஒண்டுதானா?" என்று கேட்டது சாச்சி மகன்தான். ஒன்றல்ல. ஆனால் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வதல்ல, வருடத்தையும் மாதிரியையும் விலையையும் பார்த்துத் தெரிவு செய்வது. இன்னொன்றும் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்டெல் புரொசெசரோடு ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டைப் பூட்டலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டும் சண்டையில்லாமல் வேலை செய்யும்.

என்ன விளையாடப் போகிறாய்?

கற்பிப்பவர் மகனிடம் முதலில் கேட்ட கேள்வி இது. 'வலரண்ட்', 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' போன்ற போட்டி விளையாட்டுகளில் படம் எளிமையானது, புரொசெசரின் வேகம் முக்கியம். பெரிய நகரங்களையும் காடுகளையும் காட்டும் கதை விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் வேலை அதிகம். மகன் இரண்டு வகையும் விளையாடுவான், கூடவே கணினி மொழி படிக்கவும் விரும்புகிறான்.

இந்த இடத்தில் ராத்தா மெதுவாக ஒன்று சொன்னார். "அந்த வெடிச் சத்தம் மிஸ். தங்கச்சி வீட்டில இவனுகள் விளையாடக்குள்ள கேட்டன். விளையாட்டெண்டு தெரியும். எண்டாலும் கை நடுங்கிப் போகுது."

மகன் உம்மாவைத் திரும்பிப் பார்த்தான். இது அவனுக்குப் புதிய செய்தி. பிள்ளைகள் யுத்தத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். உம்மாமார், அம்மாமார் உடம்பால் அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள். வெடிச் சத்தம் கேட்டு நெஞ்சு படபடப்பது பலவீனம் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. ஆனால் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது. கணினி வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அங்கேயே மூன்று உடன்பாடுகள் ஏற்பட்டன. சத்தம் ஹெட்போனில் மட்டும். கணினி கூடத்தில் இருக்கும், கதவடைத்த அறையில் அல்ல. இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும். வீட்டில் சிறிய பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். பல கேம்களில் 3, 7, 12, 16, 18 என்ற எண்களில் ஒன்று இருக்கும். அது ஐரோப்பாவில் 2003 முதல் பாவிக்கப்படும் வயதுக் குறியீடு. 18 என்று போட்ட கேமைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பட்டியலை மீண்டும் எழுதினோம்

உச்சவரம்பு 2 இலட்சத்து 40 ஆயிரம் என்று ராத்தா சொன்னார். அதை முதலில் எழுதிக் கோடிட்டோம். பிறகு புரொசெசரை அதற்குள் தேடினோம். இரண்டு பெயர்கள் வந்தன.

ஒன்று, இன்டெல் ஐ5 12400எஃப். மற்றது, ஏஎம்டி ரைசன் 5 5600. இரண்டும் 2022 இல் வந்தவை. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டின் பெட்டியிலும் விசிறி வரும். நடுத்தர கிராபிக்ஸ் கார்ட் ஒன்றோடு பூட்டி விளையாடினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

அப்படியென்றால் எதை வைத்துத் தெரிவு செய்வது? கற்பிப்பவர் சொன்னது, தனியாகப் புரொசெசரின் விலையைப் பார்க்காமல் புரொசெசரும் மதர்போர்டும் ரேமும் சேர்ந்த விலையைப் பார்க்க வேண்டும் என்பதை. காரணம், இன்டெல் புரொசெசர் ஏஎம்டி மதர்போர்டில் பொருந்தாது. புரொசெசர் மலிவாகவும் அதற்கேற்ற மதர்போர்ட் விலை கூடியதாகவும் இருக்கலாம்.

பின்னாளில் மாற்ற முடியுமா என்பதும் ஒரு கேள்வி. ரைசன் 5600 பொருந்தும் 'ஏஎம்4' என்ற சொக்கெட் 2016 இல் வந்தது, அதன் காலம் முடியும் நிலையில் இருக்கிறது. 12400எஃப் பொருந்தும் இன்டெல் சொக்கெட் 12, 13, 14 ஆம் தலைமுறைகளோடு நின்றுவிட்டது. இன்னும் பல வருடங்களுக்குப் புதிய புரொசெசர் மாற்ற விரும்புகிறவர்களுக்கு 2022 இல் வந்த 'ஏஎம்5' சொக்கெட்டும் ரைசன் 5 7600 போன்ற புரொசெசரும் ஏற்றவை. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம், ஆரம்பச் செலவு கூடும். ராத்தாவின் வரம்புக்குள் அது வரவில்லை.

கடைசி எழுத்துகளையும் படித்துக்கொண்டோம். இன்டெலில் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது. ரைசன் 5600 உம் அப்படித்தான். 'ரைசன் 5 5600ஜி' என்றால் உள்ளேயே சிறிய கிராபிக்ஸ் உண்டு. காசு போதாத குடும்பங்களுக்கு இது ஒரு நல்ல வழி. முதலில் 'ஜி' வகையை வாங்கிப் படிக்கவும் சிறு கேம்கள் விளையாடவும் பாவித்து, பிறகு காசு சேர்ந்ததும் தனிக் கார்ட் பூட்டலாம். 2024 ஒக்டோபர் முதல் இன்டெல் தனது புதிய மேசைக் கணினிப் புரொசெசர்களுக்கு 'கோர் அல்ட்ரா' என்று வேறு பெயர் வைத்திருக்கிறது. அதனால் ஐ5 என்ற பெயர் இல்லையென்று பயப்பட வேண்டாம்.

இரண்டு கடைகளில் இரண்டு பட்டியலுக்கும் எழுத்தில் விலை வாங்கினோம். அந்த வாரம் ரைசன் பக்கம் 9 ஆயிரம் ரூபாய் குறைவாக வந்தது. அதை எடுத்தார்கள். அடுத்த மாதம் இன்டெல் பக்கம் குறைவாக வந்திருக்கலாம், அப்படியானால் அதுதான் சரியான தெரிவு. 2025 இன் இறுதியில் ரேம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் அதை அள்ளி வாங்குவதே காரணம். ஆகவே இந்தக் கட்டுரையின் விலைக்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். கணக்குப் போடும் முறையை எடுங்கள்.

மின்சாரமும் உப்புக் காற்றும்

எங்கள் பகுதி நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது. பக்கத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனாலும் வீட்டு மின்பட்டியலை நாங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒரு நடுத்தர கேமிங் கணினி விளையாடும் நேரத்தில் சுமார் 250 வொட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகு. தினமும் மூன்று மணித்தியாலம் என்றால் மாதம் ஏறக்குறைய 22 அலகு கூடும். அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும் முறை இருப்பதால் இது சிறிய விடயமல்ல. ரைசன் 5600, 12400எஃப் இரண்டும் 65 வொட் வகையைச் சேர்ந்தவை. 13600கே இன் அடிப்படை அளவு 125 வொட். பெரிய புரொசெசர் வாங்கும்போது அதன் மின்பட்டியலையும் சேர்த்தே வாங்குகிறோம்.

மின்தடையையும் நினைக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். திடீரென்று நிற்கும் மின்சாரமும் திரும்பி வரும்போது ஏறும் மின்னழுத்தமும் கணினிக்குக் கேடு. மிஞ்சிய 9 ஆயிரத்தோடு, பட்டியலிலிருந்த நிற விளக்குப் பெட்டியைச் சாதாரணப் பெட்டியாக மாற்றியதில் வந்த காசையும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். வாங்கினார்கள். இடி மின்னல் நேரத்தில் செருகியைக் கழற்றிவிடுவதை அதுவும் மாற்றாது.

கரையோரத்தில் உப்புக் காற்றும் மணலும் உண்டு. கணினியைக் கடல் பக்க யன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது. தரையிலும் வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகியைக் கழற்றிவிட்டுத் தூசியைத் தூரிகையால் எடுக்க வேண்டும். தூசி அடைத்தால் விசிறி வேலை செய்யாது, சூடேறிய புரொசெசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஈரத் துணியால் உள்ளே துடைக்கவே கூடாது.

கடையில் கேட்க வேண்டியவை

காப்பை அடகு வைப்பதோ, தவணைக்கு எடுப்பதோ பாவமல்ல. ஆனால் விளையாட்டுக்காக எடுக்கும் கடன் வருமானம் தராத கடன். நுண்கடனால் இந்த நாட்டுப் பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். 2021 மார்ச் 8 அன்று ஹிங்குராக்கொடையில் பெண்கள் அதற்காகவே சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். தவணைக்கு எடுப்பதானால் மாதத் தொகையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்கும் வட்டி.

கடைக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

புரொசெசரின் முழுப் பெயரும் இலக்கமும் கடைசி எழுத்தும் என்ன?

எந்த வருடம் வந்தது? புதியதா, பாவித்ததா?

விசிறி பெட்டிக்குள் வருமா?

உள்ளே கிராபிக்ஸ் உண்டா, தனிக் கார்ட் கட்டாயமா?

மதர்போர்டோடும் ரேமோடும் சேர்த்து மொத்த விலை எவ்வளவு?

ஒவ்வொரு சாமானுக்கும் வாரண்டி எத்தனை வருடம்? பழுதானால் எங்கே கொண்டுவர வேண்டும்?

பில் யாருடைய பெயரில் எழுதப்படும்?

கடைசிக் கேள்வியைச் சிறியதென்று நினைக்காதீர்கள். கடையில் பில்லை மகனின் பெயரில் எழுதத் தொடங்கினார்கள். ராத்தா, "என்ட பேரில எழுதுங்க" என்றார். அங்கே அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். ஒவ்வொரு சாமானின் இலக்கமும் எழுதிய பில் இப்போது தையல் பெட்டிக்குள் அளவுக் கொப்பியோடு இருக்கிறது.

கணினியை வீட்டில் பூட்டியது மகனும் சாச்சி மகனும் சேர்ந்துதான். தனியாகப் பூட்ட முடியாது என்று மகனே போய் அவனைக் கூப்பிட்டு வந்தான். மூன்று நாள் கோபத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லையாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ராத்தா வந்தபோது அவர் கையைப் பார்த்தேன். இரண்டு காப்புகளும் இருந்தன. கூட்டம் முடிந்ததும் இன்னொரு பெண் தன் மகளுக்கு வாங்க நினைக்கும் பழைய மடிக்கணினியைப் பற்றி என்னிடம் கேட்டார். "ஐ5 எண்டு சொல்றாங்க மிஸ்."

நான் வாய் திறக்கும் முன்பே ராத்தா கேட்டுவிட்டார்: "ஐ5 சரி. பின்னால உள்ள நம்பர் என்ன?"